கும் கெல்லியில் ஒரே ஆள்

மங்கையர்க்கரசி எந்தப் பக்கமும் சாராதவள். இது அவளாகச் சொல்லிக்கொண்டது இல்லை. பிரிட்டிஷ் ஒன்றிய அரசாங்கம் சோதித்துப் பார்த்து, முத்திரை குத்தி, ஆண்டுதோறும் புதுப்பித்துத் தரும் சான்றிதழ் அப்படிச் சொன்னது. அந்தச் சான்றிதழ் இருக்கும் வரைதான் அவளுக்கு வேலை. வேலை இருக்கும் வரைதான் அந்த நாட்டில் தங்க அனுமதி. தூத்துக்குடியில் பிறந்த ஒருத்தி, பிழைப்புக்காக எதன்மீதும் பற்றில்லாமல் இருக்க வேண்டியிருந்தது. சந்நியாசிகளுக்குக்கூட இவ்வளவு கண்டிப்பு கிடையாது.

அவள் இயக்கிய கருவிக்கு அரசாங்கம் வைத்த பெயர் ஒரு முழ நீளம் இருக்கும். ஜனங்கள் அதை நெஞ்சுமானி என்று சுருக்கிவிட்டார்கள். மார்பில் ஒரு பட்டை, மணிக்கட்டில் ஒரு பட்டை, எதிரே ஒரு திரை. அரை மணி நேரத்தில் நாற்பது படங்கள், வேல்ஸைக் காட்டுபவை சில, ஒன்றியத்தைக் காட்டுபவை சில. எந்தப் படத்துக்கு மூச்சும் நாடியும் எப்படி அசைகின்றன என்று பார்த்துவிட்டு, கடைசியில் அது ஒரு எண்ணைச் சொல்லும். நூறு என்றால் ஆள் முழுக்க முழுக்க வேல்ஸ். பூஜ்யம் என்றால் முழுக்க ஒன்றியம். பெரும்பாலானவர்கள் நடுவில் எங்கேயோ கிடந்தார்கள், மனிதர்கள் வழக்கமாகக் கிடக்கும் இடத்தில்.

கும் கெல்லி, இங்கிலாந்துக்கு மேற்கே வேல்ஸ் மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு ஊர். அளக்க வேண்டிய வயது வந்தவர்கள் நூற்று எண்பத்து மூன்று பேர். ஊருக்குக் கீழே ஒரு பழைய அணை. இங்கிலாந்தின் நகரங்களுக்குத் தண்ணீர் போதவில்லை என்பதால் அணையை உயர்த்தப் போகிறார்கள். உயர்த்தினால், அணைக்குள் தேங்கும் தண்ணீர் பின்னுக்கு ஏறி கீழத்தெரு முழுவதையும் மூழ்கடிக்கும். நாற்பது வீடு, ஒரு தேவாலயம், ஒரு தபால் நிலையம்.

முதல் நாள் பள்ளிக்கூட மண்டபத்தில் ஊர்க்கூட்டம். கேள்வி கேட்டவர் கறிக்கடை எல்வின். அந்த ஊரில் பாதிப்பேருக்கு ஒரே குடும்பப்பெயர். அதனால் தொழிலைச் சேர்த்துக் கூப்பிடுவது வழக்கம். நம் ஊர்களில் பால்காரர், டெய்லர் என்று சொல்வதில்லையா, அப்படி. எல்வின் ஆறடி உயரம். ஊர்ப் பாடகர் குழுவை இருபது வருஷமாக நடத்துபவர்.

"ஓட்டுப் போட்டா போதாதாம்மா?"

"ஓட்டுல வாய்தான் பேசுது," என்றாள் மங்கை. "மூணு தடவை வாக்கெடுப்பு நடந்துச்சு. மூணு தடவையும் வேற வேற பதில். அதான் நெஞ்சையே கேட்டுடலாம்னு சட்டம் கொண்டு வந்துட்டாங்க."

"சராசரி அறுபதுக்கு மேல வந்தா?"

"நீங்க தனி தேசத்து ஜனங்கன்னு ஆகும். உங்க சம்மதம் இல்லாம அணையில ஒரு செங்கல் வைக்க முடியாது."

"வரலைன்னா?"

"அப்ப இது ஒரு வட்டாரம். வட்டாரத்துக்கிட்ட சம்மதம் கேக்கணும்னு சட்டத்துல இல்ல."

முந்தைய நூற்றாண்டில் இதேபோல வேறொரு பள்ளத்தாக்கைத் தண்ணீருக்காக மூழ்கடித்த கதை அங்கே எல்லோருக்கும் தெரியும். அந்த மசோதாவுக்கு வேல்ஸ் உறுப்பினர் ஒருவர்கூட வாக்களிக்கவில்லை. ஆனாலும் அது நிறைவேறியது.

மங்கை தபால் நிலையத்து மாடியில் தங்கினாள். பெயர்ப்பட்டியல் சரிபார்க்க, கருவியை அந்த ஊர்க் குளிருக்குப் பழக்க என்று ஆறு வாரம் ஆகும். வீட்டுக்காரி தபால் மெரெரித். ஐம்பது வயது, ஒன்றியக் கப்பற்படைக்காரர் ஒருவரின் விதவை. வாய் ஓயாது.

"ஒன்றியக் கொடியைப் பாத்திருக்கீங்களா மங்கை? இங்கிலாந்துக்கு ஒரு சிலுவை, ஸ்காட்லாந்துக்கு ஒண்ணு, அயர்லாந்துக்கு ஒண்ணு. எங்களுக்கு ஒரு நூல்கூட இல்ல. ஒரு காலத்துல மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்துல வேல்ஸ்காரன்னு டிக் அடிக்க ஒரு கட்டம்கூட விடலை. இப்ப திடீர்னு வந்து, நெஞ்சைத் திறந்து காட்டுன்னா எப்படி?"

"கோபமா இருக்கீங்களா?"

"பயமா இருக்கேன்," என்றாள் மெரெரித். "என் கல்யாணத்துக்கு வாசிச்சது கப்பற்படை பாண்டு. அவரை அடக்கம் பண்ணப்பவும் அதே பாண்டுதான். அந்தச் சத்தம் கேட்டா எனக்கு உள்ள என்னமோ பண்ணும். அதை உங்க மெஷின் எந்தக் கணக்குல சேக்கும்?"

மங்கையின் வேலையில் அந்த மாதிரிக் கேள்விகளுக்கு இடம் இல்லை.

ஜன்னலுக்கு நேர் எதிரே தேவாலயம். வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் ஊரே அங்கே கூடிப் பாடியது. ஐஸ்தெத்வொட் என்று அவர்களுக்கு ஒரு திருவிழா உண்டு. பாட்டும் கவிதையும் போட்டி போடுகிற விழா. அதற்கான ஒத்திகை என்று மங்கை நினைத்துக்கொண்டாள். மூன்று வரி பாடுவார்கள், சட்டென்று நிறுத்துவார்கள், மறுபடி இரண்டு வரி. எதற்கு இப்படி நிறுத்தி நிறுத்திப் பாடுகிறார்கள் என்று புரியவில்லை. ஒரு வார்த்தைகூடத் தெரியாத பாஷை. ஆனால் கேட்க நன்றாக இருந்தது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, ரொட்டியைக் கடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள்.

நான்காவது வாரம் ஊருக்குள் ஒரு அசிங்கம் நடந்தது. ரொட்டிக்கடை கோலின் இங்கிலாந்தில் பிறந்தவர். கும் கெல்லிக்கு வந்து இருபத்திரண்டு வருஷம். அவர் கடையில் ரொட்டி வாங்காத வீடு கிடையாது. ஒத்திகைக்கு மட்டும் அவரை யாரும் கூப்பிடவில்லை. எல்வினும் இன்னும் இரண்டு பேரும் போய், அளக்கிற வாரம் மட்டும் இங்கிலாந்தில் இருக்கும் அவருடைய அக்கா வீட்டுக்குப் போயிருந்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது, சராசரி இறங்கிவிடக் கூடாது, அவ்வளவுதான் என்று. கோலின் பெட்டியைக் கட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டார்.

மெரெரித் தபால் நிலையத்தைப் பூட்டிவிட்டு ஓடினாள். கோலின் கையிலிருந்த பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு திரும்பியவள், நேரே தேவாலயத்துக்குள் நுழைந்து, பாட்டுப் புத்தகத்தை எல்வினின் மேஜைமேல் வீசினாள்.

"உன் குழுவுல இனி நான் இல்லை. அவன் போகணும்னா முதல்ல என்னை அனுப்பு."

குழுவின் முதல் குரல் அவளுடையது. அவள் இல்லாமலே ஒத்திகை தொடர்ந்தது; அந்த நேரங்களில் அவள் பின்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தன் இஷ்டத்துக்கு வேறு பாட்டுப் பாடினாள்.

அளவெடுப்பு பள்ளிக்கூட மண்டபத்தில் ஒன்பது நாள் நடந்தது. ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள், திரையைப் பார்த்தார்கள், எழுந்து போனார்கள். கோலினும் வந்தார். மெரெரித்தும் வந்தாள். கடைசியாக, விதிப்படி, மங்கையும் அதே நாற்காலியில் உட்கார்ந்து அளந்துகொண்டாள். இயக்குகிறவரின் கோடு ஒரு அசைவும் இல்லாமல் தட்டையாக இருக்க வேண்டும். அதை வைத்துத்தான் மற்றவர்களின் அசைவு கணக்கிடப்படும்.

பத்தாம் நாள் காலையில் கருவி முடிவைக் காட்டியது. பதிவுகள்: 184. தனி நபர்கள்: 3.

மங்கை கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். மூன்றுதான். லண்டனிலிருந்த மேலதிகாரி ஹார்ட்லியைக் கூப்பிட்டாள்.

"அது பழுது இல்லை மங்கை," என்றார் அவர், அலுப்போடு. "வடக்க ஒரு ஊர்ல ஒரே ஆளை இருபது பேர்ல உக்கார வச்சு ஏமாத்திட்டாங்க. அதுலேருந்து, மூச்சும் நாடியும் அச்சு அசலா ஒண்ணா இருந்தா அதை ஒரே ஆளாத்தான் எடுத்துக்கணும்னு மாத்திட்டோம். உங்க ஊர்ல என்ன, ஒருத்தனே நூத்தியெண்பது தடவை வந்தானா?"

"இல்ல சார். எல்லாரும் வேற வேற முகம். நானே பாத்தேன்."

"குறைஞ்சது நூறு தனி நபர் வேணும். மூணு பேரை வச்சுக்கிட்டு தேசம்னு சொன்னா யார் ஒத்துப்பா? வட்டாரம்னு எழுதி அனுப்பிடுங்க."

மங்கை கறிக்கடைக்கு நடந்தாள். எல்வின் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டார். பிறகு எல்லாம் வெளியே வந்தது. முன்பே அளக்கப்பட்ட ஊரிலிருந்து யாரோ நாற்பது படங்களையும் வரிசையாகச் சொல்லியிருந்தார்கள். எல்வின் அவற்றுக்கு ஒரு துதிப்பாட்டைப் பொருத்தினார். வேல்ஸ் படம் வந்தால் மனசுக்குள் பாட வேண்டும், ஒன்றியத்துப் படம் வந்தால் நிறுத்த வேண்டும். எந்தப் படத்துக்கு எந்த வரி, எங்கே மூச்சு, எங்கே நிறுத்தம் என்று ஆறு வாரம் அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்திருந்தார். நூற்று எண்பத்தோரு பேரும் ஒரே இடத்தில் மூச்சை இழுத்து ஒரே இடத்தில் விட்டார்கள். நாடியும் மூச்சின் பின்னாலேயே போயிற்று.

"நாங்க ஒத்திகை பாக்காம எதையுமே செஞ்சதில்லையேம்மா," என்றார் எல்வின். "சவ ஊர்வலத்துக்கே ஒத்திகை பாக்கிற ஊர் இது."

"இன்னொரு தடவை அளக்கலாம். பாடாம உக்காந்தா போதும்."

பத்துப் பேரை அழைத்து வந்து அன்றே அளந்தார்கள். பத்துப் பேரும் பாடவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். முதல் படம் விழுந்தது. பத்துப் பேரும் மறுபடி ஒரே ஆள் ஆனார்கள். கற்றுக்கொடுத்ததை மறக்கச் செய்ய எல்வினுக்கே தெரியவில்லை.

மற்றவர்கள் போன பிறகு அவர் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சு ஒன்றில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்.

"உண்மையைச் சொல்லட்டுமா? எனக்குக் கனவு இங்கிலீஷ்லதான் வருது. திட்டறதும் இங்கிலீஷ்லதான். மேடையில ஏறினா வேல்ஸ் வேல்ஸ்னு கத்தறேன், ஒத்திகை இல்லாம என் எண் என்ன வரும்னு எனக்கே தெரியாது. நாப்பது வந்துட்டா? அந்தப் பயத்துலதான் ஊரையே ஒண்ணாக் கட்டிட்டேன். கோலினைப் போகச் சொன்னதும் அந்தப் பயம்தான்." சற்றுக் கழித்து, "அவன் எண் எவ்வளவு?" என்று கேட்டார்.

ஒருவர் எண்ணை இன்னொருவருக்குச் சொல்லக் கூடாது. மங்கை சொல்லவில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும். கோலின் எழுபத்தொன்று.

மெரெரித் நாற்பத்து நான்கு. மறுநாள் மதியம் அவள் கேட்டபோது, அதை அவளிடமே சொல்ல வேண்டியிருந்தது. "அப்படியா," என்று மட்டும் சொல்லிவிட்டு மெரெரித் தபால்களைப் பிரிக்கத் தொடங்கினாள். ஒரே கட்டை மூன்று முறை பிரித்து அடுக்கினாள்.

மாடியில் போய் அறிக்கை எழுத உட்கார்ந்தபோதுதான் மங்கைக்கு அது உறைத்தது. தனி நபர்கள் மூன்று. பாடியவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒன்று. கோலின் இரண்டு. மெரெரித் மூன்று. அப்படியானால் மங்கை எங்கே? நான்கு அல்லவா வந்திருக்க வேண்டும்?

தன் பதிவைத் திறந்து பார்த்தாள். கோடு தட்டையாக இல்லை. மூன்று வரி ஏறி, நின்று, மறுபடி இரண்டு வரி ஏறியிருந்தது. எல்வினின் கோட்டை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒன்றாகிவிட்டன. ஆறு வாரமாக ஜன்னலோரம் உட்கார்ந்து ரொட்டி தின்றவள், அவர்கள் மூச்சு வாங்கிய இடத்தில் மூச்சு வாங்கிப் பழகியிருக்கிறாள். நாற்காலியில் உட்கார்ந்ததும், படங்கள் அந்தத் தாளத்திலேயே வரவும், பாட்டு தானாக உள்ளே ஓடியிருக்கிறது. கருவியின் கணக்கில் அவள் தொண்ணூற்றேழு சதவீதம் வேல்ஸ்.

விதி தெளிவாக இருந்தது. இயக்குபவர் நடுநிலை தவறினால் அளவெடுப்பு முழுவதும் ரத்து. ஒரு வருஷத்துக்குள் வேறு இயக்குநர், வேறு படங்கள். அதுவரை அணையைத் தொட முடியாது. மங்கைக்குச் சான்றிதழ் போகும். அதோடு வேலையும், இருப்பும்.

ஹார்ட்லி கெட்டவர் இல்லை. அவள் சொன்னதைக் கடைசிவரை கேட்டுக்கொண்டார். "உங்க பதிவு எங்கேன்னு யாரும் தேடப் போறதில்லை மங்கை. அந்த ஒரு வரியை விட்டுடுங்க. பத்து வருஷ வேலை. எப்படியும் அந்த ஊர் தோத்தாச்சு." அவர் அக்கறையோடுதான் சொன்னார். அதனால்தான் அதைத் தட்டுவது கஷ்டமாக இருந்தது.

தூத்துக்குடியில் அப்போது சாயங்காலம். புருஷன் நெல்லையப்பன் உப்பளத்திலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"என்னட்டி, இந்த நேரத்துல? ஒடம்புக்கு எதும் முடியலியா?"

நடந்ததைச் சொன்னாள். அவன் முதலில் சிரித்தான். பிறகு கேட்டான்: "அந்த மெஷினை நம்ம ஊர்ல வச்சு ஒன்னைய அளந்தா என்ன காட்டும்? தமிழா, இந்தியாவா?"

"எனக்கு எப்படிங்க தெரியும்? பாஸ்போர்ட்ல இருக்கறது ஒண்ணு. கால்ல இடிச்சுக்கிட்டா வாயில வர்றது ஒண்ணு."

"கிரிக்கெட்ல ஜெயிச்சா மொதல்ல கண்ணு கலங்குறது நீதான். இந்தில போர்டு வச்சா மொதல்ல வையுறதும் நீதான்."

"ரெண்டுமே நாந்தான். அதை எவனாவது ஒரு எண்ணாக்கி என் கையில நீட்டுனா, நல்லா குடுத்துருவேன்."

"சரிதான்," என்றான் நெல்லையப்பன் மெதுவாக. "அதத்தானட்டி நீ பத்து வருசமா அவங்களுக்குச் செய்யுத?"

அவன் குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஆனாலும் மங்கைக்கு முகம் எரிந்தது. கீழே ஒரே தபால் கட்டை மூன்று முறை அடுக்கிய கைகள் கண்முன்னே வந்தன. ஃபோனை வைத்துவிட்டு அறிக்கையில் ஒரு வரி சேர்த்தாள்: இயக்குநர் நடுநிலையில் இல்லை. சேர்த்த கையோடு அனுப்பிவிட்டாள். இனி எங்கே போவது என்ற யோசனை அதற்குப் பிறகுதான் வந்தது.

செய்தி ஊருக்குத் தெரிந்ததும் யாரும் ஆரவாரம் செய்யவில்லை. ஒரு வருஷம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். அடுத்த முறை புதுப் படங்கள். ஒத்திகை பார்க்க முடியாது. ஒவ்வொருவரும் தன் நெஞ்சோடு தனியாகப் போய் உட்கார வேண்டும். தேவாலயத்தில் பாட்டு நின்றுபோனது. எல்வின் ரொட்டிக்கடைக்குப் போய், தேவைக்கு மேல் நான்கு ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தார். மறுநாளும் அப்படியே செய்தார். மூன்றாம் நாள் கோலின், "மன்னிப்புக் கேக்கணும்னா கேட்டுடு எல்வின், உன் வீட்ல அவ்வளவு ரொட்டி யார் தின்பா?" என்று கேட்டாராம்.

மங்கை பெட்டியைக் கட்டத் தொடங்கினாள். வெளியேற மூன்று வாரம் கெடு. அந்த மூன்றாவது வாரம் லண்டனிலிருந்து பதிவுத் தபால் வந்தது. மெரெரித் அதை மாடிக்குக் கொண்டு வரவில்லை. மங்கையைக் கீழே கூப்பிட்டாள். கையெழுத்து வாங்குவதில் அவள் கறார்.

உறைக்குள் ஒரு கடிதமும் ஒரு அட்டையும் இருந்தன. மங்கை கடிதத்தை வாசித்தாள். நம்பாமல் மறுபடி வாசித்தாள். பிறகு சத்தமாக மெரெரித்துக்கும் வாசித்துக் காட்டினாள்.

அளவெடுப்பு ரத்து செய்யப்பட்டுவிட்டது. ஆனால் எதை வைத்து அது ரத்தானதோ, அந்த இயக்குநரின் பதிவு மட்டும் செல்லும். அதையும் தள்ளிவிட்டால் ரத்துக்கே காரணம் இல்லாமல் போய்விடும். செல்லும் பதிவு தொண்ணூறுக்கு மேலே இருந்தால் அந்த நபரைத் தேசப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே மங்கையர்க்கரசி நெல்லையப்பன் இன்றுமுதல் வேல்ஸ் தேசத்தவர். இங்கே வசிக்க அவருக்கு அனுமதி எதுவும் தேவையில்லை. கும் கெல்லியைப் பொறுத்தவரை, பதிவேட்டில் இப்போதைக்கு உள்ள பெயர் இது ஒன்றே.

மெரெரித் சிரித்தாள். மேஜையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். மங்கையும் சிரித்தாள். பிறகு மெரெரித் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். மங்கைக்குத்தான் அது கொஞ்சம் தாமதமாகத் தெரிந்தது.

"மெரெரித், இது அபத்தம். எனக்கு உங்க பாஷையில ஒரு வார்த்தை தெரியாது. நான் திருப்பி எழுதிடறேன். இதை நான் வச்சுக்க முடியாது."

மெரெரித் அட்டையை எடுத்து, வெளிச்சத்தில் ஒரு முறை திருப்பிப் பார்த்தாள். வேல்ஸின் சிவப்பு டிராகன், அரசாங்க முத்திரை, அதன் கீழே மங்கையின் புகைப்படம். புறங்கையால் அதைத் துடைத்து மங்கையின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"வேண்டாம் கண்ணு, பத்திரமா வச்சுக்கோங்க. எங்க ஊர்ல ஒருத்தர்கிட்டயாவது இருக்கட்டும்."